ஆர்ம் சிப் உள்ள லேப்டாப்புக்கு ஒரு லட்சம் கொடுக்கலாமா?

தேவகோட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மகள் காரைக்குடியில் இன்ஜினியரிங் சேர்கிறாள், ஒரு லட்சம் வரை போடலாம், எல்லாரும் ஆர்ம் சிப் (லேப்டாப்பின் மூளையான சிப்பில், இன்டெல்லுக்கு மாற்றாக ஆர்ம் என்ற கம்பெனியின் வடிவமைப்பில் வருவது) என்கிறார்கள், சனி ஞாயிறில் அதிலேயே கடைக் கணக்கையும் டாலியில் போட்டுக்கொள்ளலாமா என்று. மகளுக்கு வாங்குங்கள் அண்ணே. கடைக் கணக்கை மட்டும் அதில் ஏற்றாதீர்கள். அந்த வேலையைப் பழைய கம்ப்யூட்டரே பார்க்கட்டும்.

காரைக்குடியில் லேப்டாப் பழுது பார்க்கும் தொழிலில் இருக்கிறேன். கோடை வந்துவிட்டால் மேசைக்கு வருபவை பெரும்பாலும் ஒரே புகாரோடுதான் வரும்: சூடாகிறது, இரைகிறது, தானாக அணைந்துவிடுகிறது. திறந்தால் ஃபேனுக்கும் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்குக்கும் நடுவில் நம் செம்மண் தூசி கம்பளி மாதிரி அடைத்துக் கிடக்கும். சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிரும். சிப் குடிக்கிற மின்சாரமெல்லாம் கடைசியில் சூடாகத்தான் வெளியே வர வேண்டும். வெளியே 40 டிகிரி அடிக்கும்போது அது எங்கே போகும்? மெஷினுக்குள்ளேயே தங்கும் சூட்டில் பேட்டரியும் சீக்கிரம் கெடும். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது.

ஆர்ம் சிப்பின் அருமை நம் ஊரில் அதிகம் தெரிவது இதனால்தான். 2020 நவம்பரில், ஆப்பிள் தன் ஆர்ம் சிப்பான எம்1-ஐ வைத்துக் கொண்டுவந்த மேக்புக் ஏர் லேப்டாப்பில் ஃபேனே கிடையாது. அதே ஆண்டு அதற்கு முன் இன்டெல் சிப்போடு வந்த ஏரிலும் இதிலும் பேட்டரி ஒரே அளவு, 49.9 வாட்-ஹவர். ஆப்பிள் சொன்ன கணக்குப்படி இணையம் பார்க்க இன்டெல்லில் 11 மணி நேரம், எம்1-இல் 15 மணி நேரம். பேட்டரியைத் தொடாமல் சிப்பை மாற்றியதிலேயே அவ்வளவு மிச்சம். விலையும் ஏறவில்லை, எம்1 ஏர் இங்கே 92,900 ரூபாய்க்கு வந்தது, இன்டெல் ஏரும் ஏறக்குறைய அதே விலைதான். பராமரிப்புக்காகக் காலையில் கரண்ட்டை நிறுத்தினால் மாலைதான் வரும் என்ற நாளில், சார்ஜரைத் தேடாமல் உங்கள் மகள் வேலையை முடித்துவிடுவாள்.

இந்த மின்சாரச் சிக்கனம் வந்த வழி எனக்கு மிகவும் பிடித்த கதை. 1985-இல் கேம்பிரிட்ஜில் ஏக்கார்ன் என்ற சிறு கம்பெனியில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் முதல் ஆர்ம் சிப்பை உருவாக்கினார்கள். செராமிக் உறை போட்டால் விலை கூடும், பிளாஸ்டிக் உறை மலிவு. ஆனால் பிளாஸ்டிக் தாங்க வேண்டுமானால் சிப் ஒரு வாட்டுக்குள் அடங்க வேண்டும். அதற்காக இழுத்துப் பிடித்ததில் தேவைக்கும் மிகக் குறைவாகவே போய் நின்றது. சோதனையின்போது மீட்டர் பூஜ்யம் காட்டியதாம்; பார்த்தால் சிப்புக்கு மின் இணைப்பே கொடுக்கவில்லை, பக்கத்துச் சுற்றுகளிலிருந்து கசிந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது! காசை மிச்சம் பிடிக்கக் கிளம்பியவர்களுக்கு மின்சாரமும் சேர்ந்து மிச்சமாயிற்று. பின்னால் செல்போன் வந்தபோது உலகம் முழுக்க அந்த சிப்பைத் தேடி வந்ததும் இதனால்தான்.

அப்படியானால் லேப்டாப் ஏன் மலிவாக இல்லை என்று கேட்பீர்கள். வீட்டுக்குப் பிளான் போட்டுத் தருபவரைப் போல, லேப்டாப்பைப் பொறுத்தவரை ஆர்ம் கம்பெனி சிப்பின் வடிவத்தையும் உரிமத்தையும்தான் தருகிறது. ஆப்பிளும், சிப் கம்பெனியான குவால்காமும் அதை வைத்துத் தங்கள் சிப்பை உருவாக்கி, தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில் செய்து வாங்குகின்றன. நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஆர்முக்குப் போவது சொற்பம். திரை, உடல், பிராண்டு, லாபம் என்றுதான் மற்றது போகிறது. இன்னொன்று, ஆர்ம் என்றாலே சிக்கனம், இன்டெல் என்றாலே சூடு என்று யாராவது சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். 2024-இல் இன்டெல் தன் லூனார் லேக் சிப்பை அதே டிஎஸ்எம்சியில் செய்து, வேலை நடக்கும்போது தகவலை வைத்துக்கொள்ளும் நினைவகமான ரேமையும் சிப்போடு ஒரே உறைக்குள் வைத்து, பேட்டரி நேரத்தில் நன்றாகவே ஈடு கொடுத்தது. எங்கே செய்கிறார்கள், எப்படி அடுக்குகிறார்கள் என்பதும் பாதிக் கணக்கு.

இப்போது விண்டோஸ் பக்கம். குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் எலைட் லேப்டாப்புகள் 2024 ஜூனில் வந்தன. 2025 தொடக்கத்தில் அதைவிடச் சிறிய ஸ்னாப்டிராகன் எக்ஸ் வந்த பிறகு, அந்த ஆண்டில் 60,000, 70,000 ரூபாய்ப் பக்கமும் கிடைத்தன. இன்டெல்லுக்காக எழுதிய மென்பொருளை இவற்றில் விண்டோஸ் மொழிபெயர்த்து ஓட்டும்; பெரும்பாலானவை ஓடியும் விடும். ஆனால் பிரிண்டர் மாதிரிக் கருவிகளை விண்டோஸோடு பேசவைக்கும் சிறு மென்பொருளான டிரைவரை அப்படி மொழிபெயர்க்க முடியாது. ஆர்முக்கென்றே எழுதிய டிரைவர் இல்லாவிட்டால் அந்தக் கருவி வேலை செய்யாது, அவ்வளவுதான். பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்துப் போடும் யூஎஸ்பி டோக்கன் எல்லாம் சிக்கிக்கொள்ளும் இடம் இது. ஒரு கணக்கு அலுவலகத்தில் புது மெஷின் வாங்கி, டோக்கன் ஏறாமல், ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளில் பழைய டெஸ்க்டாப்பைத் தூசி தட்டி ஓட்டிக் கொடுத்தேன். அவர்கள் பட்ட பதற்றம் உங்களுக்கு வேண்டாம். மேக்கில் டாலிக்குத் தனிப் பதிப்பே கிடையாது.

மகள் எந்தப் பிரிவு என்று நீங்கள் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஆர்ம் பக்கம் போகலாம். மெக்கானிக்கல் என்றால் நில்லுங்கள். இயந்திரப் பாகங்களை வரையும் சாலிட்வொர்க்ஸ் மென்பொருள் மேக்கில் வராது. துறையில் எந்தெந்த மென்பொருள் நடத்துகிறார்கள் என்று சீனியர் மாணவர்களிடம் கேட்டுவிட்டு, சந்தேகமாக இருந்தால் இன்டெல் அல்லது ஏஎம்டியே எடுங்கள். கல்யாண வீடியோ எடிட்டிங் மாதிரி மணிக்கணக்காக மெஷினை முறுக்குபவர்களுக்கு ஃபேன் இல்லாத ஏர் சரிவராது, வேகம் இறங்கிவிடும்.

ரேமில் மட்டும் கையை இறுக்காதீர்கள். மேக்கில் அது சிப்போடு சேர்ந்தே வருகிறது. பின்னால் என்னிடம் கொண்டு வந்தாலும் கூட்டித் தர வழியில்லை. 2025 மார்ச்சில் 99,900 ரூபாய்க்கு வந்த எம்4 ஏரில் அடிப்படை மாடலிலேயே 16 ஜிபி இருக்கிறது, நான்கு வருடப் படிப்புக்கு அது போதும். பழைய 8 ஜிபி மாடலைத் தள்ளுபடியில் நீட்டினால் வாங்காதீர்கள். அந்த எம்4 ஏர் வந்தபோது ஸ்டோரேஜை 256 ஜிபியிலிருந்து 512 ஆக்க ஆப்பிள் கூடுதலாகக் கேட்ட 20,000 ரூபாய் வீண். அதில் சின்னப் பங்குக்கு, வெளியே செருகும் எஸ்எஸ்டி (வேகமான சேமிப்புக் கருவி) கிடைக்கும். மீதியில் கடைக் கம்ப்யூட்டருக்கும் ஒரு எஸ்எஸ்டி போட்டுவிடுங்கள், டாலி பறக்கும்.