முதியோர் இல்லத்து மருந்துப் பெட்டி: கேட்டவர்களுக்குப் பதில்

(ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இலங்கை மலையக முதியோர் இல்லங்களில் வேலை செய்பவர்கள் கேட்டவற்றுக்கு, தெரிந்ததைச் சொல்கிறேன்.)

ஹட்டனிலிருந்து: அக்கா, போன மாதம் தவறிய பாட்டியின் பிரஷர் மாத்திரை லோசார்ட்டன் இரண்டு மாதத்துக்கு மிச்சம். இங்கே இன்னொருவருக்கும் அதே மருந்துதான். கொடுத்தால் என்ன?

தங்கச்சி, 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டில் பாமசி பாமசியாக அலைந்தவர்களுக்கு மருந்தை வீசக் கை வராது. ஆனாலும் கொடுக்காதீர்கள். கிளினிக்கில் எண்ணிப் போட்ட உறையில் பெயரும் வேளையும் இருக்கும், காலாவதித் தேதி பெரும்பாலும் இருக்காது. பாட்டிக்கு 50 மில்லிகிராம், மற்றவருக்கு 25 என்றால்? ஓர் இல்லத்தில் உறை மாறி, சீனி வியாதியே இல்லாத தாத்தாவுக்குச் சீனி மாத்திரை போய்விட்டது. விடியும்போது சட்டை பிழியும் அளவுக்கு வியர்த்து, பேச்சுக் குழறிக் கிடந்தார். 1990 அம்புலன்ஸுக்கு அழைத்துத்தான் காப்பாற்றினார்கள். ஒருவர் தவறிய அன்றே அவருடைய மருந்தை எண்ணிக் கட்டி, இரண்டு பேர் கையெழுத்து வையுங்கள். பிறகு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கேட்டு ஒப்படையுங்கள். கடும் வலிக்குக் கொடுக்கும் மோர்பின் இருந்தால் அதுதான் முதலில் போக வேண்டும்.

தலவாக்கலையிலிருந்து: மிச்ச மருந்தைக் கக்கூசில் கொட்டிவிடலாமா?

வேண்டாம் தம்பி. அங்கே எது ஊறி ஓடினாலும் கொத்மலை ஓயாவுக்கு, அப்புறம் மகாவலி ஆற்றுக்கு. தகர பீப்பாயில் போட்டு எரிப்பதும் வேண்டாம், புகை இல்லத்துக்குள்தான் வரும். ஆஸ்பத்திரியில் எடுக்கவில்லை என்றால் சாதாரண மாத்திரைகளை உறையிலிருந்து எடுத்து, பொடியாக்காமல், ஊறிய தேயிலைச் சக்கையோடு பிசைந்து, பொலித்தீனில் இறுக்கிக் கட்டிக் குப்பையில் போடுங்கள். உறையில் உள்ள பெயரைக் கிழித்துவிடுங்கள். இன்சுலின் ஊசிகளை மட்டும் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் சேர்த்து ஆஸ்பத்திரியில் கொடுங்கள்.

நுவரெலியாவிலிருந்து: இந்தக் குளிரில் இன்சுலினுக்கு பிரிட்ஜ் எதற்கு?

திறக்காத போத்தலுக்கு 2 முதல் 8 பாகை வேண்டும். உங்கள் ஊர்ப் பகல் அதைத் தாண்டிவிடும். திறந்தது வெளியே சுமார் 4 வாரம் தாங்கும், திறந்த தேதியை எழுதி ஒட்டுங்கள். ஐஸ் தட்டை ஒட்டி வைத்து உறைந்துபோனால், உருகினாலும் பாவிக்காதீர்கள்.

மஸ்கெலியாவிலிருந்து: அஸ்பிரின் போத்தலைத் திறந்தால் வினாகிரி வாடை வருகிறதே?

ஈரம் பட்டு மருந்து உடைந்துவிட்டது. வீசிவிடுங்கள். மருந்து அலுமாரி கேத்தில் கொதிக்கும் இடத்துக்கு மேலே இருக்குமே, சரிதானா?

பதுளையிலிருந்து: விழுங்க முடியாதவருக்குப் பொடித்துக் கஞ்சியில் கலக்கலாமா?

எஸ்.ஆர். என்று போட்டிருந்தால் கூடவே கூடாது. நாள் முழுக்க மெல்ல இறங்க வேண்டியது ஒரேயடியாக இறங்கும். மற்றவற்றை டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், பாணி மருந்தாகக் கிடைத்தாலும் கிடைக்கும்.