ஒரே காருக்கு இரண்டு டைனோ இரண்டு குதிரைத்திறன் காட்டினால் எதை நம்புவது?

டைனோ என்பது காரின் சக்கரங்களை உருளை (ரோலர்) மேல் ஓடவிட்டு சக்தியை அளக்கும் கருவி. அது காட்டிய இரண்டு எண்ணுமே பொய் இல்லை. ஆனால் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. நீங்களும் காசு போட்டு எதையோ மாற்றிவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் நடந்தது.

ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் மாற்றுவதற்கு முன் என் கார் டைனோவில் 118 ஹெச்பி (குதிரைத்திறன்) காட்டியது. மாற்றியபின் அதே ரோலரில் 126. எட்டு கூடிவிட்டது என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். பல மாதம் கழித்து இரண்டு ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் மூலையில் இருந்த பொடி எழுத்து கண்ணில் பட்டது. முதல் ஷீட்டில் எஸ்ஏஇ. இரண்டாவதில் எஸ்டிடி. இரண்டும் வெவ்வேறு திருத்தக் கணக்கு முறைகளின் பெயர்.

விஷயமே அந்த எழுத்தில்தான். காற்று சூடாக இருந்தாலோ அழுத்தம் குறைந்தாலோ இன்ஜினுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறையும். அதை ஈடுகட்ட, அளந்த எண்ணை டைனோ ஒரு திருத்த எண்ணால் பெருக்குகிறது. எஸ்ஏஇ ஜே1349 முறைக்கு அடிப்படை 25 டிகிரி செல்சியஸ், 99 கிலோபாஸ்கல் உலர் காற்று. பழைய எஸ்டிடி முறைக்கு அதைவிடக் குளிர்ந்த, அடர்த்தியான காற்று. ஒரே ஓட்டத்துக்கே எஸ்டிடி சுமார் 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். என் 126-ஐ அந்த அளவு குறைத்தால் 121. மிச்சம் மூன்றுதான். டயர் காற்று, காரை இழுத்துக் கட்டும் பெல்ட்டின் இறுக்கம், இன்ஜின் சூடு, இவற்றிலேயே அந்த மூன்று போய் வரும்.

இன்ஜின் பவரைக் கூட்டித் தரும் ட்யூனர்கள் கோபப்பட வேண்டாம், டைனோவே வீண் என்று நான் சொல்லவில்லை. ஒரே நாளில், ஒரே ரோலரில், ஒரே கியரில், ஒரே திருத்தத்தில் மூன்று முறை ஓட்டி, ஒரு பாகத்தை மட்டும் மாற்றி மறுபடி மூன்று முறை ஓட்டினால் அந்த வித்தியாசத்தை நானே நம்புவேன். உங்களுடையது இரண்டு வேறு டைனோ. ஒருவகை, கனமான உருளை எவ்வளவு வேகமாகச் சுற்றுப் பிடிக்கிறது என்று பார்த்துக் கணக்கிடும். இன்னொரு வகை பிரேக் போல எதிர்ச்சுமை கொடுத்து அளக்கும். எண்கள் ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை. சக்கரத்தில் வந்த எண்ணோடு, இன்ஜினிலிருந்து சக்கரம் வரும் வழியில் இழந்த சக்தி என்று கண்ணை மூடிக்கொண்டு 15 சதவீதம் கூட்டி 'இதுதான் இன்ஜின் பவர்' என்பவர்களையும் நம்பாதீர்கள், அது ஊகம்.

சரி, பழைய சைலன்சரைத் திரும்ப மாட்டி ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று, அதை மாற்றிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அதைப் பழைய இரும்புக்குப் போட்டிருந்தார்கள். என் காரோடு வந்த பொருள். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.