கார் கியர் நாப் மாற்ற வேண்டும். நம் வண்டிக்குப் பொருந்துமா என்று எப்படிப் பார்த்து வாங்குவது?

கேள்வி கேட்டவரின் காரில் கியர் நாப்பின் (கியர் கம்பியின் உச்சியில் கை பிடிக்கும் குமிழ்) தோல் உரிந்து கையில் ஒட்டுகிறதாம். "எல்லா கார்களுக்கும் பொருந்தும்" என்று போட்டு இணையத்தில் விற்கும் நாப்பை வாங்கலாமா என்று கேட்கிறார். வாங்கிப் பட்டவன் நான், அதனால் எழுதுகிறேன்.

கொரோனா சமயத்தில் சானிடைசர் ஈரத்தோடு பிடித்துப் பிடித்தே என் வண்டியின் நாப்பும் உரிந்து போனது. நானூறு ரூபாய்க்கு ஒன்றை வரவழைத்தேன். பெட்டிக்குள் மூன்று அளவில் பிளாஸ்டிக் குழல்கள், மூன்று குட்டி கிரப் ஸ்குரூ (தலையில்லாத திருகாணி), அவற்றை முடுக்க ஒரு அலன் கீ. கியர் கம்பியில் அழகாக மரை (திருகு வரிகள்) வெட்டியிருக்கிறது, ஆனால் இந்த நாப்புக்கும் அந்த மரைக்கும் எந்த உறவும் கிடையாது. குழலைக் கம்பியில் சொருகி, நாப்பை மேலே கவிழ்த்து, பக்கவாட்டில் ஸ்குரூக்களை முடுக்க வேண்டும். அவை குழலைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். மூன்று வாரம் பிடித்தது. அப்புறம் ஒரு நாள் சென்னை கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு இழுத்தேன், நாப் மட்டும் தனியாகக் கையோடு வந்துவிட்டது. பின்னால் மாநகரப் பேருந்து ஹாரன் அடிக்கிறது. நாப்பைப் பக்கத்து சீட்டில் எறிந்துவிட்டு மொட்டைக் கம்பியைப் பிடித்து இரண்டைப் போட்டு ஏறினேன். வீடு வரும்வரை உள்ளங்கையில் மரையின் அச்சு இருந்தது.

அதனால் முதலில் கடைப் பக்கமே போகாதீர்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு, இருக்கிற நாப்பைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் இடப்பக்கமாகத் திருகினால் கழன்றுவிடும். சுற்றவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் உடனே பிளையரைத் தூக்க வேண்டாம். கியர் பூட் என்கிற அந்த ரெக்சின் பாவாடையின் அடிச்சட்டத்தை மெதுவாக நெம்பி மேலே தூக்கிவிட்டு நாப்பின் அடியைப் பாருங்கள். உள்ளே கிளாம்ப் (இறுக்கும் வளையம்) போட்டிருந்தால் அது திருகும் வகை இல்லை, கிளாம்ப்பைக் கழற்றிவிட்டு மேல்நோக்கி இழுத்துக் கழற்றும் வகை. இழுக்கும்போது முகத்தை நேர் மேலே வைத்துக்கொள்ளாதீர்கள். சட்டென்று விட்டுவிடும், தாடையில் சரியான குத்து விழும்.

மரை உள்ள கம்பி என்றால் இரண்டு அளவுகள் தெரிய வேண்டும். ஒன்று கம்பியின் தடிமன். இன்னொன்று பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி. 10×1.5 என்றால் 10 மில்லிமீட்டர் தடிமன், 1.5 மில்லிமீட்டர் இடைவெளி. பலரும் தடிமனை மட்டும் பார்த்து வாங்கி மாட்டிக்கொள்வது இங்கேதான். 10×1.25 கம்பியில் 10×1.5 நாப்பைத் திருகினால் முதல் ஒன்றிரண்டு சுற்று போகும், பிறகு இறுகும். "புதுசு, அப்படித்தான் டைட்டாக இருக்கும்" என்று இன்னும் முடுக்கினால் மரை நாசம். நாப்பின் மரை போனால் காசோடு போகும். கம்பியின் மரை போனால் நடுக் கன்சோலையே பிரிக்க வேண்டும். (மரை கழண்ட கேஸ் என்று ஆளைச் சொல்வார்கள் இல்லையா, மேம்பாலத்தில் நாப் கையோடு வந்த அன்று நானும் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருந்தேன்.)

தடிமனை அளக்க வெர்னியர் அளவுகோல் இருந்தால் நல்லது. 9.8, 9.9 என்று காட்டினால் அது பத்துதான், மரையின் உச்சி எப்போதும் கொஞ்சம் குறைவாகவே அளக்கும். பிட்சுக்கு ஒரு வெள்ளைத் தாளைக் கம்பியின்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். கம்பியில் இருக்கும் அழுக்கும் கிரீஸும் சேர்ந்து கோடு கோடாகப் பதியும். ஒரு கோட்டிலிருந்து பத்து இடைவெளி எண்ணி ஸ்கேலை வைத்துப் பாருங்கள். 15 மில்லிமீட்டர் வந்தால் பிட்ச் 1.5. பன்னிரண்டரை வந்தால் 1.25.

இதைவிடச் சுலபமான வழி, பழைய நாப்பையே பையில் போட்டுக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போய், அதற்குள் போல்ட்டை விட்டுப் பார்ப்பது. விரலாலேயே நாலைந்து சுற்று தடையில்லாமல் இறங்கினால் அதுதான் அளவு. கடையில் கேட்கும்போது மட்டும் கவனம். "பத்து நம்பர் போல்ட்" என்றால் பத்தாம் நம்பர் ஸ்பானர் போடும் போல்ட்டை எடுத்துக் கொடுப்பார்கள், அதன் மரை 6 மில்லிமீட்டர்தான். நமக்கு வேண்டியது மரையே பத்து உள்ள போல்ட், சாதாரணமாக அதற்குப் பதினேழு நம்பர் ஸ்பானர். கடையில் தானாகக் கிடைக்கும் 10 போல்ட் 1.5 பிட்ச்சாக இருக்கும், 1.25 வேண்டுமென்றால் ஃபைன் திரெட் (நெருக்கமான மரை) என்று கேட்க வேண்டும். 12×1.25 தானா என்று பார்க்க இன்னொரு குறுக்கு வழி உண்டு. பெரும்பாலான மாருதி கார்களின் வீல் நட்டு அதே மரைதான். பக்கத்து வீட்டு ஸ்விஃப்டிலிருந்து ஒன்றைக் கடன் வாங்கிக் கம்பியில் விட்டுப் பார்க்கலாம், திருப்பிப் போட மறக்காமல் இருந்தால் சரி.

கம்பெனி வாரியாகச் சொன்னால் ஹோண்டா பெரும்பாலும் 10×1.5. டொயோட்டாவும் சுபாருவும் 12×1.25. நிசான், மாஸ்டா, மிட்சுபிஷி 10×1.25. இதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள், உங்கள் கம்பி சொல்வதுதான் கணக்கு.

அடுத்து ரிவர்ஸ். டஸ்டர், ஐ20 மாதிரி வண்டிகளில் நாப்புக்குக் கீழே ஒரு வளையத்தைத் தூக்கினால்தான் ரிவர்ஸ் விழும். அந்த வளையத்துக்கு இடம் விடாத நாப்பை மாட்டினால் பார்க்கிங்கில் பின்னால் எடுக்க முடியாமல் நிற்பீர்கள். போலோ, வென்டோ வகையறாவில் மரையே கிடையாது. நாப்பும் பூட்டும் ஒரே உருப்படி, கிளாம்ப் போட்டுக் கம்பியில் இறுக்கியிருப்பார்கள். அவற்றுக்கு அந்த மாடலுக்கென்றே வரும் செட்டைத்தான் வாங்க வேண்டும், கழற்றிய கிளாம்ப்பும் பெரும்பாலும் திரும்ப உதவாது. ஆட்டோமேட்டிக் என்றால் லாக் பட்டன் பெரும்பாலும் நாப்பிலேயே இருக்கும். அதற்கு கம்பெனி ஸ்பேரைத் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன். சேசிஸ் நம்பரைக் கொடுத்தால் சரியான பார்ட்டை அவர்களே எடுத்துத் தருவார்கள்.

நாப்பின் மேல் இருக்கும் கியர் படத்தையும் பாருங்கள். ஐந்து கியர் வண்டியில் ஆறு கியர் படம் போட்டதை மாட்டினால் உங்களுக்குப் பழகிவிடும், வண்டியை இரவல் வாங்கும் மைத்துனருக்கு? முழுக்க முடுக்கிய பிறகு படம் கோணலாக நிற்பதும் உண்டு. அதை நேராக்குவதற்காகக் கொஞ்சம் தளர்த்தி விட்டுவிட்டால் ஆடத் தொடங்கும். அடியில் ஒரு லாக் நட்டைப் போட்டு, வேண்டிய இடத்தில் நாப்பை நிறுத்தி, நட்டை அதன்மேல் இறுக்க வேண்டும். 10 மில்லிமீட்டர் கம்பியென்றால் குறைந்தது 10 மில்லிமீட்டராவது நாப்புக்குள் போயிருக்க வேண்டும்.

உயரத்திலும் பழைய நாப்பை ஒட்டியே எடுங்கள். குட்டையானால் கை நகரும் தூரம் குறையும், ஆனால் கூடுதலாக அழுத்த வேண்டும். நெட்டையானால் மூன்றாவது கியர் போடும்போது விரல் முட்டி ஏசி பேனலில் இடிக்கும். கனமான உலோக நாப் தன் வேகத்திலேயே கியருக்குள் போய் உட்காரும், அந்தச் சுகத்தை மறுக்கவில்லை. அந்த ஆசையில் நானும் சரியான மரை பார்த்து ஒரு ஸ்டீல் உருண்டை வாங்கினேன். டிசம்பரில் அருமை. மே மாதம் மதியம் வெயிலில் நின்ற வண்டிக்குள் ஏறிக் கை வைத்தேன், தோசைக்கல்தான். கொஞ்ச நாள் கைக்குட்டையைச் சுற்றி ஓட்டிப் பார்த்தேன்.

இப்போது காரில் இருப்பது புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றிய ஒரிஜினல் நாப். ஸ்டீல் உருண்டை என் மேசையில், மின்விசிறிக் காற்றில் கரண்ட் பில் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.