பரணில் கிடக்கும் கணக்கெடுப்பு

கேள்வி: வேலூர் மாவட்டம் கணியம்பாடி ஒன்றியத்தில் ஓர் ஊராட்சியின் வார்டு உறுப்பினர் நான். எங்கள் ஊராட்சியில் 12 வார்டுகள், ஏறத்தாழ 1,200 வீடுகள். சென்ற ஆண்டு இளைஞர்கள் வீடு வீடாகப் போய், 64 கேள்விகளுடன் உடல்நலக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். தாள்கள் அலுவலகப் பரணில் தூங்குகின்றன. ஆண்டுதோறும் இதை நடத்தி, ஊராட்சியின் செலவுகளை முடிவு செய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் 64 கேள்விகளைப் பத்தாகக் குறையுங்கள். பதிலைப் பார்த்து ஊராட்சி எதையாவது மாற்ற முடியுமா? முடியாதென்றால் அந்தக் கேள்வி வேண்டாம். குடிநீர், கழிவுநீர்க் கால்வாய், குப்பை உங்கள் கையில் இருப்பவை. "கடந்த இரண்டு வாரத்தில் வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்ததா?" என்று கேளுங்கள், ஓராண்டுக் கதை யாருக்கும் நினைவிருக்காது. குடிப்பழக்கம் பற்றிப் பக்கத்துத் தெருப் பையன் கேட்டால் உண்மை வராது, விட்டுவிடுங்கள்.

எல்லா வீட்டுக்கும் போக வேண்டியதில்லை. வீட்டுப் பட்டியலில் ஆறுக்கு ஒன்று எடுத்தால் 200 வீடுகள். முதல் ஆறில் எதிலிருந்து தொடங்குவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். காலனியும் குக்கிராமங்களும் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் விடுபடுவது அவைதான். பூட்டியிருந்த வீட்டை விட்டு அடுத்த வீட்டுக்குப் போகாதீர்கள். ஷூ கம்பெனிக்கும் நூறு நாள் வேலைக்கும் போனவர்கள் வீடு அது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி தட்டுங்கள். இல்லையேல் திண்ணையில் இருக்கும் முதியோரின் உடல்நலம் மட்டுமே கிடைக்கும்.

அடுத்தது, பலரும் சறுக்கும் இடம். 200 வீடுகளில் 40 வீடுகளில் வயிற்றுப்போக்கு என்றால் 20 சதவீதம். ஊர் முழுக்கப் பார்த்தால் உண்மை எண் 15 முதல் 25 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம். அடுத்த ஆண்டு 34 வீடுகள், அதாவது 17 சதவீதம், என்று வந்தால் மாலை போட்டுக்கொள்ளாதீர்கள். 20 வீடுகளாக, அதாவது 10 சதவீதமாக, குறைந்தால் ஏதோ நடந்திருக்கிறது என்று நம்பலாம். அதுவும் அதே மாதத்தில், அதே சொற்களில் கேட்டிருந்தால்தான். வார்டுக்கு வார்டு ஒப்பிடவே கூடாது: ஒரு வார்டுக்குப் பதினாறு, பதினேழு வீடுகளே வரும்; ஒரு வீடு மாறினாலே ஆறு சதவீதம் ஏறி இறங்கும். ஒரு குடிநீர்த் தொட்டியின்மீது சந்தேகம் வந்தால், அந்தத் தொட்டி நீர் போகும் எல்லா வீடுகளிலும் கேளுங்கள். கடைசிக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று சோதியுங்கள்.

உங்கள் ஒன்றியத்திலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையின் சமுதாய நலத்துறை பல பத்தாண்டுகளாக வீடு வீடாகப் பிறப்பு, இறப்புகளைப் பதிவு செய்துவருகிறது. பாகாயத்தில் இருக்கும் அந்தத் துறைக்குப் போய்க் கேள்வித்தாளைக் காட்டி ஆலோசனை கேளுங்கள். கிராம சுகாதார செவிலியரையும் முதல் நாளிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கெடுப்பை ஆகஸ்டில் முடித்தால், அக்டோபர் 2 கிராம சபையில் வளர்ச்சித் திட்டம் பேசப்படும்போது எண்கள் கையில் இருக்கும். "சுகாதாரம் மேம்பட வேண்டும்" என்று தீர்மானம் எழுதாதீர்கள். எந்தத் தொட்டி, என்ன வேலை, எவ்வளவு தொகை, எந்த மாதத்துக்குள் என்று எழுதுங்கள். ரத்த அழுத்த மாத்திரை கிடைக்கவில்லை என்பது போன்றவை தனித் தீர்மானமாக வட்டார மருத்துவ அலுவலருக்குப் போகட்டும்.

பரணில் உள்ள தாள்கள் வீட்டுப் பட்டியல் தயாரிக்க உதவும். அதன்பின் எரித்துவிடுங்கள். பழைய பேப்பர் கடைக்குப் போனால், யாருக்குக் காசநோய் என்பது வடை மடித்த தாளில் ஊர் சுற்றும்.