வில்வித்தைக்குப் புதியவள் நான். மான் வேட்டைக்கு முதல் வில் வாங்கும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

நீங்கள் கேள்வியோடு கொடுத்திருக்கும் விவரங்கள் இவை: விஸ்கான்சினில் இருக்கிறீர்கள், உயரம் 5 அடி 2 அங்குலம், இதுவரை வில்லைத் தொட்டதில்லை, இந்தச் செப்டம்பரில் மான் வேட்டைக்குப் போக ஆசை. கணவரின் நண்பர் தன்னுடைய பழைய காம்பவுண்டு வில்லைச் சும்மாவே தருகிறேன் என்கிறார்.

அந்த வில்லை வாங்காதீர்கள். நல்ல மனதோடுதான் தருகிறார், ஆனால் அது அவருடைய உடம்புக்கு வைத்த வில். சட்டையென்றால் கையை மடித்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். பெரும்பாலான பழைய காம்பவுண்டு வில்களில் அது அவ்வளவு எளிதில் முடியாது. அதன் இரு முனைகளிலும் இருக்கும் கேம் என்ற சக்கரங்கள், நாணை இவ்வளவு தூரம்தான் இழுக்கலாம் என்று ஓர் இடத்தில் நிறுத்திவிடும். ஆறடி மனிதருக்கு அந்த இடம் ஏறக்குறைய 29 அங்குலத்தில் வரும். உங்களுக்கு 25-ஐ ஒட்டித்தான் வரும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் உயரம் உங்களைவிட ஓர் அங்குலம் அதிகம். முதல் வில் வாங்கப் போன கடையில் யாரும் என்னை அளக்கவே இல்லை. இருப்பில் இருந்ததை எடுத்துக் கொடுத்தார்கள்: 27 அங்குலம், 50 பவுண்டு. நாண் காதைத் தாண்டிப் பின்னால் போகும். அதைச் சமாளிக்க இடுப்பை வளைத்துப் பின்பக்கம் சாய்ந்து நிற்பேன். ஒவ்வொரு அம்புக்கும் இடது முழங்கையின் உட்புறத்தில் நாண் அடிக்கும். பயிற்சி போதவில்லை போல என்று நினைத்துக்கொண்டு ஆறு வாரம் விடாமல் எய்தேன். தோள்பட்டையில் தசைநார் பாதித்து, அந்த வருடச் சீசன் முழுவதும் வில்லைத் தூக்கவே முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக உங்களுக்கு எழுதுகிறேன்.

சரி, முதலில் அளவு. சுவரில் முதுகு பட நின்று இரு கைகளையும் பக்கவாட்டில் நேராக நீட்டுங்கள். விறைக்க வேண்டாம், இயல்பாக நீட்டினால் போதும். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை எத்தனை அங்குலம் என்று வேறு யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். அதை 2.5-ஆல் வகுத்தால் உங்கள் இழுப்பு நீளம் கிடைக்கும். 62 அங்குலம் வந்தால் 24.8, அதாவது 25-ஐ ஒட்டி. இது தொடக்கக் கணக்குதான். கடையில் வில்லை முழுதாக இழுத்து நிற்கும்போது நாண் மூக்கு நுனியை லேசாகத் தொட வேண்டும், தலை நேராக இருக்க வேண்டும், வில் பிடித்த கையின் முழங்கை பூட்டிக்கொள்ளக் கூடாது. சந்தேகம் வந்தால் அரை அங்குலம் குறைவாகவே வையுங்கள்.

அளந்த கையோடு எந்தக் கண் உங்களை ஆளும் கண், அதாவது குறிபார்க்கும்போது முன்நிற்கும் கண், என்றும் பாருங்கள். இரு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவில் சிறு ஓட்டை விட்டு, அதன் வழியாகத் தூரத்திலுள்ள கதவுப்பிடி ஒன்றை இரு கண்களாலும் பாருங்கள். ஒரு கண்ணை மூடும்போது பிடி மறைந்தால், மூடிய கண்தான் ஆளும் கண். வலக்கைக்காரர் பலருக்கும் இடக்கண் ஆளும். அப்படியிருந்தால் இடக்கை வில் வாங்குவதைப் பற்றிக் கடைக்காரரிடம் பேசுங்கள். புதிதாகத் தொடங்குபவருக்குக் கை மாற்றுவது அத்தனை கஷ்டமில்லை. பழகிய பிறகு மாற்றுவதுதான் பெரும்பாடு.

அடுத்தது இழுப்பு எடை, அதாவது நாணை இழுக்கத் தேவைப்படும் விசை. நீங்கள் கேட்டிருக்கும் "மானுக்கு எத்தனை பவுண்டு வேண்டும்?" என்பதற்கு விஸ்கான்சின் சட்டத்தின் பதில், குறைந்தது 30 பவுண்டு. ஒஹாயோவில் 40 என்பதால் வேறு மாநிலத்துக்குப் போகும்போது விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இப்போது 42-இல் எய்கிறேன். நீங்கள் 30-க்கும் கீழே பழக ஆரம்பித்து, செப்டம்பருக்குள் 38 அல்லது 40-க்கு வந்தால் போதும். அதற்கு மேல் போகச் சொல்லி யார் தூண்டினாலும் கேட்காதீர்கள்.

எடை சரியா என்று பார்க்க நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து இரு பாதங்களையும் தரையிலிருந்து சற்றுத் தூக்குங்கள். வில்லை இலக்கை நோக்கி நேராக நீட்டி, மேலே தூக்காமல், மெதுவாக இழுங்கள். வில்லை வானத்துக்குத் தூக்கி உதறி இழுத்தால்தான் வருகிறது என்றால் எடை அதிகம், குறையுங்கள். மான் பத்து கஜத்தில் நிற்கும்போது அப்படி ஓர் அசைவு கண்ணில் பட்டாலே ஓடிவிடும். இன்னொன்று, கடைக்குள் நீங்கள் இழுப்பது 70 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில், மெல்லிய சட்டையில். நவம்பர் காலையில் மரப் பரணில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, மூன்றடுக்கு உடுப்போடு இழுக்கும்போது அதே வில் கனக்கும்.

என்ன வகை வில் என்று கேட்டால், முதல் வேட்டைக்குத் தயங்காமல் காம்பவுண்டு என்பேன். ஒலிம்பிக்கில் தீபிகா குமாரி பிடித்துப் பார்த்திருப்பீர்களே, அது ரிகர்வ், சக்கரம் இல்லாத வில். 2023 ஆசிய விளையாட்டில் ஜோதி சுரேகா மூன்று தங்கம் வென்றது காம்பவுண்டில். ரிகர்வில் முழுதாக இழுத்த பிறகு 40 பவுண்டும் உங்கள் விரலில்தான் நிற்கும். காம்பவுண்டில் பாதி வழி தாண்டியதும் சக்கரம் உருண்டு பாரத்தை வாங்கிக்கொள்ளும். இதை லெட் ஆஃப் என்பார்கள். 80 சதவீத லெட் ஆஃப் உள்ள 40 பவுண்டு வில்லில் நீங்கள் பிடித்து நிற்பது 8 பவுண்டுதான். மான் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டால் அது வெளியே வரும்வரை காத்திருக்க அந்த 8 பவுண்டு பெரிய உதவி. 1960-களில் மிசூரிக்காரரான ஹாலஸ் வில்பர் ஆலன் காம்பவுண்டு வில்லைக் கண்டுபிடித்தார், 1969-இல் காப்புரிமை கிடைத்தது. இன்று குட்டையான, மெலிந்த கைக்காரர்களும் தைரியமாக வேட்டைக்குப் போக முடிவதில் அந்த மனிதருக்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

இனி எந்த வில். அளவை அதிகம் மாற்றிக்கொள்ளக்கூடிய வில்கள் ஒரு பக்கம். டயமண்ட் இன்ஃபினிட் எட்ஜ் ப்ரோ, பேர் க்ரூஸர் ஜி2 போன்றவை 5 பவுண்டிலிருந்து 70 வரை ஏறும், இழுப்பு நீளமும் 13 அங்குலத்திலிருந்து 30 வரை மாறும். உங்கள் பலம் மாதாமாதம் கூடும்போது வில்லும் கூட வரும். பெண்களின் அளவுக்கென்றே செய்த ஹாய்ட் எக்லிப்ஸ், மேத்யூஸ் அவெயில் போன்றவை இன்னொரு பக்கம். மேத்யூஸ் நம் விஸ்கான்சினின் ஸ்பார்ட்டா ஊரிலேயே இருக்கும் நிறுவனம். குறைந்த இழுப்பு நீளத்திலும் இவை நன்றாக வேகம் கொடுக்கும், விலையும் அதற்கேற்ப அதிகம். புதிதாகப் பழகும் உங்களுக்கு முதல் வகையே சரி. இரண்டு வருடம் கழித்து இந்த ஆசை நிலைத்தால் அடுத்ததற்குப் போகலாம்.

இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் பெண்கள் வில் என்று நம்பாதீர்கள். அளவும், பிடியின் பருமனும், தூக்கும் கனமும்தான் கணக்கு. எல்லாம் மாட்டிய பிறகு வில்லை நீட்டிய கையில் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள், கை நடுங்கினால் வேறு வில் பாருங்கள்.

வில்லோடு வரும் அட்டையில் நொடிக்கு 310 அடி, 330 அடி என்று வேகம் போட்டிருக்கும். அது 70 பவுண்டு, 30 அங்குல இழுப்பு, 350 கிரெய்ன் அம்பு என்ற அளவில் சோதித்தது (கிரெய்ன் என்பது அம்பின் எடையைச் சொல்லும் சிறு அலகு). இழுப்பு நீளம் ஓர் அங்குலம் குறைந்தாலே சுமார் 10 அடி வேகம் போய்விடும். என் வில்லில் 360 கிரெய்ன் அம்பு நொடிக்கு 195 அடிதான் போகிறது. கணக்குப் போட்டால் 30 அடி-பவுண்டு ஆற்றல் வருகிறது. மான் அளவு விலங்குக்கு 25-இலிருந்து 41 அடி-பவுண்டு என்பது அம்பு தயாரிக்கும் ஈஸ்டன் தரும் வழிகாட்டி. ஆகவே வேகம் குறைவு என்று கவலைப்படாதீர்கள். அதற்கு ஈடாக அம்பை ரொம்ப லேசாக வாங்காமல் 350 கிரெய்னுக்கு மேல் வையுங்கள். முனைக்கு, அடிபடும்போது விரியும் வகை வேண்டாம். விரிவதற்கே ஆற்றல் போய்விடும். நிலையான அலகுள்ள 100 கிரெய்ன் முனை, சவரக்கத்தி போன்ற கூர்மையோடு இருக்கட்டும்.

துணைப் பொருள்களில் ரெஸ்ட் என்ற அம்புதாங்கி மட்டும் முக்கியம். முடி போன்ற நார்கள் கொண்ட வட்டத்துக்குள் அம்பைப் பிடித்து வைக்கும் விஸ்கர் பிஸ்கட் வகை எடுங்கள், பரணில் எப்படித் திரும்பினாலும் அம்பு விழாது. நாணை விரலால் இழுக்காமல் மணிக்கட்டில் கட்டும் ரிலீஸ் என்ற, நாணைப் பிடித்து விடுவிக்கும் கருவியை வாங்குங்கள். அம்பு இல்லாமல் மட்டும் ஒருநாளும் நாணை இழுத்து விட்டுவிடாதீர்கள். அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்கே திரும்பி, லிம்ப் என்ற வளையும் பகுதி உடைந்துவிடலாம்.

கடையில் யாரும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தாலிச்சங்கிலியைச் சட்டைக்குள் போட்டு மேலே இறுக்கமான உடுப்பு அணியுங்கள், முடிந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். ஜிமிக்கி கூடவே கூடாது. பின்னலை நாண் வராத தோளுக்குப் பின்னால் தள்ளிக் கட்டுங்கள். என் தோழிக்கு நாணில் தோடு மாட்டிக் காதுமடல் கிழிந்தது.

சீசன் செப்டம்பர் நடுவில் தொடங்கும். நீங்கள் 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் இங்கே உரிமம் வாங்க வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு கட்டாயம், இப்போதே பதிவு செய்யுங்கள். ஸ்டீவன்ஸ் பாயின்ட் பல்கலைக்கழகத்தில் 1991-இல் தொடங்கிய 'பிகமிங் ஆன் அவுட்டோர்ஸ் வுமன்' என்ற பயிற்சி முகாமில் பெண்களுக்கு வில்லும் சொல்லித் தருகிறார்கள். பலவித வில்களை இழுத்துப் பார்த்த பிறகு வாங்கப் போனால் கடையில் யாரும் உங்களிடம் இருப்பைத் தள்ள முடியாது.

நான் வேட்டைக்குப் போவது தெரிந்தபோது அம்மா ஊரிலிருந்து போனில் கேட்டாள், "வாயில்லாத ஜீவன், பாவம் இல்லையாடி?" என்று. அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. அதனால்தான் 20 கஜத்துக்கு அப்பால் எய்வதில்லை. அந்தத் தூரத்தில் காகிதத் தட்டு ஒன்றை வைத்து, தொடர்ந்து பத்து அம்பும் தட்டுக்குள் விழுகிறவரை நான் காட்டுக்குப் போகவில்லை. மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் ஏறக்குறைய அந்தத் தட்டளவுதான். பக்கவாட்டில் நிற்கும் மானுக்கு அந்த இடத்தில் கூரான முனை இறங்கினால் சில நொடிகளில் முடிந்துவிடும். கைமீறிய எடையை இழுத்து, நடுங்கி, வயிற்றில் அடித்துவிட்டால் அது மணிக்கணக்கில் துடிக்கும். உங்கள் கைக்கு அடங்கிய 38 பவுண்டு, அடங்காத 55-ஐவிட மானுக்கும் நல்லது.

நண்பரிடம் வில்லுக்குப் பதிலாக அவருடைய பயிற்சி இலக்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குத் தனியே செலவு செய்ய வேண்டியிருக்காது. இந்த வாரம் கையை நீட்டி அளந்துவிட்டு எத்தனை அங்குலம் வந்தது, எந்தக் கண் ஆள்கிறது என்று கருத்தில் எழுதுங்கள். எந்த அம்பை எந்த நீளத்துக்கு வெட்டச் சொல்ல வேண்டும் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.