மலாவி கிராமச் சபைகளைப் பற்றி: கேளுங்கள், சொல்கிறேன்

மலாவி நாட்டின் வடக்கே ம்சிம்பா மாவட்டத்தில் ஒன்பது வருடம் இருந்தோம். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் விவசாயம் சொல்லிக்கொடுத்தார், நான் நர்ஸ். ஞாயிறு தோறும் ஏதாவது ஒரு கிராமச் சபைக்குப் போய்விடுவோம், பெரும்பாலும் சி.சி.ஏ.பி. என்கிற மத்திய ஆப்பிரிக்க பிரஸ்பிட்டேரியன் சபைக்கு. ஆப்பிரிக்கா முழுவதையும் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் பார்த்த மூலையைப் பற்றிச் சொல்கிறேன்.

அக்கா, அங்கே ஒரு கிராமத்தில் ஞாயிறு ஆராதனை எப்படி இருக்கும்? நம்ம ஊர் மாதிரியா?

நேரத்தில் நம்ம ஊர் மாதிரி இல்லை, மூன்று மணி நேரம் சர்வ சாதாரணம். பாட்டுக்குழு ஒன்றல்ல. வாலிபர் ஒன்று, பெண்கள் ஒன்று, பக்கத்துக் கிராமத்திலிருந்து நடந்து வந்தவர்கள் ஒன்று என்று ஒவ்வொரு குழுவும் பாடி முடித்த பிறகுதான் பிரசங்கம். ஆர்கன் கிடையாது, குரல்தான், நாலு குரலில் பாடுவார்கள், அதை யாரும் எழுதி வைத்துக் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

காணிக்கைக்குப் பை சுற்றிவராது, எழுந்து பாடிக்கொண்டே முன்னால் போய்ப் போட வேண்டும். அறுவடை முடிந்த மே, ஜூன் மாதங்களில் மக்காச்சோளத்தைக் கூடையில் தலையில் சுமந்து வருவார்கள். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏனென்றால் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அறுப்பின் பண்டிகைக்கு என் ஆச்சி நெல்லும் பூசணிக்காயும் கொண்டுபோனது அப்படியே கண்முன் வந்தது. சரி, நம்ம ஊரில் அந்தக் காணிக்கைப் பொருளை ஏலம் விடுவோமே, அது மட்டும்தான் அங்கே இல்லை.

ஒரு சபைக்கு ஒரு பாஸ்டர் இருப்பாரா?

இருக்க மாட்டார். நம்ம சேகரம் மாதிரிதான், ஒரு போதகருக்குக் கீழே பல ஜெபவீடுகள். எங்கள் பகுதிப் போதகர் ஒரு சைக்கிளில் எல்லாவற்றையும் சுற்றுவார், சில ஊர்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வர முடியும். மற்ற நாட்களில் பிரசங்கம், வியாதியஸ்தரைப் பார்ப்பது, அடக்கம், சண்டை தீர்ப்பது எல்லாம் மூப்பர்கள் கையில். அந்த மூப்பர்களில் பாதிப் பேர் ஆரம்பப் பள்ளியோடு நின்றவர்கள், ஆனால் வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்கள்.

போதகரை 'அபூசா' என்பார்கள். சிச்சேவா மொழியில் மேய்ப்பன் என்று அர்த்தம். அதிலே ஓர் அழகு, அது பன்மைச் சொல். ஒருவரைப் பன்மையில் சொன்னால் மரியாதை. நாம் 'அவர்' என்பது போலவே.

வெள்ளைக்கார ஐயர்மார் கொண்டுவந்ததுதானே அங்கே கிறிஸ்தவம்? அப்படித்தான் படித்தேன்.

பாதி சரி, தம்பி. ஸ்காட்லாந்து சுயாதீனச் சபையார் 1875-இல் மலாவி ஏரிக்கரையில் கேப் மெக்லியரில் லிவிங்ஸ்டோனியா மிஷனைத் தொடங்கினார்கள். மலேரியா அவர்களை வாரிக்கொண்டு போயிற்று, கல்லறைகள் இன்றும் அங்கே இருக்கின்றன. 1881-இல் பண்டாவே, 1894-இல் மலைமேல் கொண்டோவே என்று இடம் மாறினார்கள். அந்த மிஷனை நடத்திய டாக்டர் ராபர்ட் லாஸ் பெயரைத்தான் எல்லாரும் சொல்வார்கள்.

நான் சொல்ல விரும்புகிற பெயர் வில்லியம் கோயி. தென்னாப்பிரிக்காவின் லவ்டேலில் படித்த கோசா இனத்தவர். ம்சிம்பாப் பக்கம் இருந்த இங்கோனிகள் அந்தக் காலத்தில் போர்க்குடி, பக்கத்து மக்களெல்லாம் அவர்களுக்குப் பயப்படுவார்கள். அவர்களும் தெற்கேயிருந்து வந்தவர்கள், அவர்கள் மொழி கோசாவுக்கு நெருக்கம். அதனால் வெள்ளைக்கார டாக்டர்மார் மொழிபெயர்ப்பாளரைத் தேடிக்கொண்டிருந்தபோது கோயி நேராக உட்கார்ந்து பேசினார். பள்ளி நடத்தவும் பிரசங்கிக்கவும் தலைவர் ம்பெல்வா வருடக்கணக்காக அனுமதி தராமல் இருந்தார், 1886-இல்தான் தந்தார். அதே வருடம் கோயி அங்கேயே இறந்துபோனார். 1890-இல் முதல் இங்கோனிகள் ஞானஸ்நானம் பெற்றார்கள். கோயி அதைப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அது வலிக்கிற விஷயம். அங்கே கிராமம் கிராமமாகப் போய்ப் பள்ளி நடத்தியதும் சுவிசேஷம் சொன்னதும் உள்ளூர் ஆசிரியர்கள். அப்படியிருந்தும் லிவிங்ஸ்டோனியாவில் முதல் மூன்று மலாவியர்களை, ஜோனத்தான் சிர்வா, எசாயா ம்வாசி, எசக்கியா த்வேயா, குருவாக அபிஷேகம் செய்தது 1914-இல்தான். மிஷன் தொடங்கி 39 வருடம் கழித்து! இன்னும் தயாராகவில்லை, இன்னும் தயாராகவில்லை என்றே சொல்லி வந்தார்கள். இன்று அங்கே ஊழியத்துக்குப் போகிற நம்மவர்களும் அதே வார்த்தையைச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

ஊழியமும் காலனி ஆட்சியும் ஒன்றுக்கொன்று துணைதானே? மழுப்பாமல் சொல்லுங்கள்.

பல இடங்களில் துணையாகத்தான் இருந்தன. ஆனால் ஜான் சிலெம்ப்வேயை விட்டுவிட்டு இந்தப் பதிலைச் சொல்ல முடியாது. அவர் பாப்டிஸ்ட் போதகர், அமெரிக்காவில் படித்து 1900-இல் திரும்பி, தெற்கே சிராட்சுலுவில் பிராவிடன்ஸ் இண்டஸ்ட்ரியல் மிஷனைத் தொடங்கினார். பக்கத்துத் தோட்டங்களில் 'தங்காட்டா' என்ற முறை, அதாவது குடியிருக்கிற நிலத்துக்கு வாடகையாகத் தோட்ட முதலாளிக்கு உழைத்துக் கொட்ட வேண்டும். அதை எதிர்த்தார். முதல் உலகப் போரில் எங்கள் ஆட்களை ஏன் சாகடிக்கிறீர்கள் என்றும் எழுதிக் கேட்டார். 1915 ஜனவரி 23-இல் அவர் தலைமையில் கிளர்ச்சி வெடித்தது, உயிர்கள் போயின. சில நாட்களில் அவரையும் சுட்டுக் கொன்று, அவர் கட்டிய பெரிய ஆலயத்தை அரசாங்கம் இடித்துத் தள்ளியது. இன்று ஜனவரி 15 அவர் பெயரில் அரசு விடுமுறை, பணத்தாளில் அவர் படம். அவர் ஆயுதம் எடுத்தது சரியா என்று அங்கே மூப்பர்களே வாதாடுவார்கள். எனக்கு அது சரியென்று படவில்லை, ஆனால் அவர் கோபம் வேதத்திலிருந்து வந்த கோபம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

எங்கள் வாலிபர் குழு இரண்டு வாரம் வந்து ஒரு ஆலயம் கட்டித் தரலாமா சிஸ்டர்?

வேண்டாம். இதை அன்போடுதான் சொல்கிறேன்.

வெளிநாட்டுக் குழு ஒன்று, பெயர் வேண்டாம், எங்களுக்கு அருகில் ஒரு கிராமத்தில் பதினைந்து நாளில் ஆலயம் எழுப்பிவிட்டுப் போனது. மூன்றாம் வருடம் மழைக்காற்றில் கூரையில் ஒரு பக்கம் பறந்தது. மூப்பரிடம் எப்போது சரிசெய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். "சிஸ்டர், அது அவர்களுடைய கோயில், எழுதியிருக்கிறோம், வருவார்கள்" என்றார். நான் ஊர் திரும்பும் வரை யாரும் வரவில்லை.

பக்கத்து ஊரில் வேறு கதை. குடும்பத்துக்கு இத்தனை செங்கல் என்று மூப்பர்கள் பங்கு வைத்தார்கள். வெயில் காலத்தில் மண் பிசைந்து, அச்சில் அறுத்து, அவர்களே சூளை போட்டார்கள். சுவர் எழும்ப இரண்டு வருடம் ஆயிற்று. கூரைத் தகரத்துக்குத்தான் பணம் இல்லாமல் நின்றது, அதை வாங்குவது அவர்கள் கைக்கு எட்டாத செலவு. அந்தத் தகரத்தில் ஒரு பங்கு நம்ம ஊர்ச் சபை ஒன்று வாங்கிக் கொடுத்தது. அங்கேயும் காற்றில் ஒரு தகரம் பிய்ந்தது, மறுநாள் காலையிலேயே ஏணியோடு ஆட்கள் நின்றார்கள். உங்கள் குழுவின் விமான டிக்கெட் பணத்தை எண்ணிப் பாருங்கள், எத்தனை ஊருக்குக் கூரை போடலாம் என்று தெரியும்.

பழைய துணி அனுப்பலாமா?

அனுப்ப வேண்டாம். 'கவுஞ்சிகா' என்று பழைய துணிச் சந்தையே எல்லா ஊரிலும் இருக்கிறது.

இரண்டு மனைவி உள்ளவர் விசுவாசத்துக்கு வந்தால் சபை என்ன செய்யும்? எனக்கு ரொம்ப நாள் கேள்வி.

ரொம்ப நாள் கேள்விதான், நூறு வருடமாக ஓடிய கேள்வி. ஆங்கிலிக்கன் பேராயர்கள் 1888 லாம்பெத் மாநாட்டில் இப்படிப்பட்ட ஆணுக்கு ஞானஸ்நானம் கூடாது என்றார்கள். 1988-இல் மாற்றி, இனிமேல் வேறு பெண்ணைக் கட்டமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால், உள்ளூர்ச் சபையும் சம்மதித்தால், மனைவிமாரோடேயே சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். மற்ற சபைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சட்டம்.

சட்டத்தை விடுங்கள், நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பெரியவர் சபையில் சேர வேண்டும் என்று இரண்டாவது மனைவியை அனுப்பிவிட்டார். அவளுக்கு மூன்று பிள்ளைகள். அவள் தாய்வீட்டில் நிலம் இல்லை. ஜனவரி, பிப்ரவரியில், பழைய சோளம் தீர்ந்து புதியது விளையாத பசிமாதங்களில், எடை குறைந்த கைக்குழந்தையோடு என்னிடம் வந்து நின்றாள். அவர் அந்த ஈஸ்டருக்கு நற்கருணை எடுத்தார். அவர் மனந்திரும்புதல் உண்மை என்றே நம்புகிறேன், ஆனால் அதன் விலையை அவர் கொடுக்கவில்லை, அவள் கொடுத்தாள். கடைசியில் அவளுக்குச் சோளம் கொண்டுபோனது உமன்யானோ பெண்கள், அதாவது அங்கத்திய மாதர் சங்கத்தார். அவர்கள் சட்டம் எதுவும் பேசவில்லை.

பாட்டெல்லாம் இங்கிலீஷ் மெட்டா, அவர்கள் மெட்டா?

இரண்டும் உண்டு. நமக்கு ஞானப்பாட்டும் இருக்கிறது, வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனையும் இருக்கிறது இல்லையா, அதே மாதிரி. முதல் இங்கோனி விசுவாசிகளில் ஒருவரான மவலெரா டெம்போ தங்கள் மெட்டிலேயே பாட்டுக் கட்டினார். மொழிபெயர்த்த பாட்டை ஒழுங்காக நின்று பாடுவார்கள், சொந்த மெட்டு வந்ததும் கிழவிகள் கால் தானாக அசையும்.

நர்ஸாக வர ஆசை. என்ன மொழி படிக்கட்டும் அக்கா?

வடக்கே என்றால் தும்புகா, மத்தியிலும் தெற்கிலும் சிச்சேவா. ஆறு மாதம் ஊழியம் எதுவும் செய்யாமல் மொழியை மட்டும் படி, தங்கச்சி. கொசுவலை, மலேரியா மாத்திரை விஷயத்தில் அசட்டையாக இருக்காதே, நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை. மண் சாலையில் வண்டி போகாது, நடக்கப் பழகிக்கொள். அப்புறம், அங்கே வணக்கம் சொல்லிவிட்டு உடனே காரியத்துக்கு வரக்கூடாது. எப்படி எழுந்தீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள், நீயும் கேட்க வேண்டும், வீட்டில் எல்லாரும் எப்படி, மழை எப்படி என்று ஒவ்வொன்றாக. நோயாளி வரிசை வாசல் வரை நின்றாலும் கேள்.