அர்த்தம் தெரியாமல் தலையாட்டலாமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். காதில் எந்நேரமும் கொரியப் பாட்டு. ஒரு வார்த்தைக்காவது அர்த்தம் தெரியுமா என்று கேட்டால் 'மியூசிக்குக்கு லாங்வேஜ் கிடையாதுப்பா' என்கிறாள். பொருள் புரியாத பாட்டை ரசிக்கிறேன் என்பது வெறும் பாவனைதானே? நான் 30 வருடமாக மார்கழிக் கச்சேரி தவறவிடாதவன். அந்த உரிமையில் கேட்கிறேன்.
- பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கும் வாசகர், கும்பகோணம்

பதில்: கடைசி இரண்டு வரியை எழுதாமல் இருந்திருந்தால் நீங்கள் தப்பித்திருப்பீர்கள் சார்.

மார்கழியை விடாதவர், அதுவும் கும்பகோணத்துக்காரர், தை மாதம் திருவையாற்றுக்குப் போகாமலா இருந்திருப்பீர்கள்? தியாகராஜரின் நினைவு நாளான பகுள பஞ்சமியன்று பந்தலில் நெருக்கியடித்து உட்கார்ந்து அவருடைய பஞ்சரத்ன கீர்த்தனைகள் ஐந்தையும் கேட்டிருப்பீர்கள். ஐந்தில் முதலாவது சமஸ்கிருதம், மற்ற நான்கும் தெலுங்கு. ஐந்தாவதான 'எந்தரோ மகானுபாவுலு' வரும்போது பக்கத்தில் இருப்பவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார், நீங்களும்தான். 'எத்தனையோ மகான்கள், எல்லோருக்கும் வணக்கம்' என்று அந்த முதல் வரிக்கு அர்த்தம் சொல்லிவிடுவோம், சரி. அதற்கப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக வருகிற சரணங்களில் தியாகராஜர் என்னதான் சொல்கிறார் என்று யாராவது மைக்கை நீட்டினால்? நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்வேன். உங்கள் கண்ணீர் பாவனை இல்லை என்றால் உங்கள் மகள் தலையாட்டுவதும் பாவனை இல்லை. இதோடு பதிலை முடித்துவிடலாம், ஆனால் உங்கள் கடிதம் என்னுடைய ஒரு பழைய அசட்டுத்தனத்தைக் கிளப்பிவிட்டது.

எனக்குப் பத்து வயது இருக்கும். வீட்டு ரேடியோவில் கல்யாணி ராகத்தில் தியாகராஜரின் 'நிதி சால சுகமா' அடிக்கடி வரும். எங்கள் வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்கள் திண்ணையில் ஏறும்போதே 'எல்லாரும் சுகமா?' என்றுதான் ஆரம்பிப்பார்கள். 'சாலச் சிறந்தது' என்றால் மிகவும் சிறந்தது என்று தமிழய்யா அப்போதுதான் நடத்தியிருந்தார். ஆக, எனக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. நிதி என்று ஒரு ஆள். அவரை ஒருவர் 'நிதி, ரொம்ப சுகமா?' என்று விசாரிக்கிறார். ஒரு தடவை கேட்டு விடுகிறாரா? இழுத்துக் கேட்கிறார், குழைந்து கேட்கிறார், மேலே போய்க் கேட்கிறார், கீழே வந்து கேட்கிறார், வயலின்காரரும் சேர்ந்து கேட்கிறார், அந்த நிதி மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். எனக்கு அந்த நிதி மேல் அப்படி ஒரு கோபம்.

காலேஜ் ஹாஸ்டலில் ஒரு தெலுங்கு நண்பன்தான் சிரித்து முடித்துவிட்டு அர்த்தம் சொன்னான். செல்வம் மிகவும் சுகமா, இல்லை ராமனின் சன்னிதியில் சேவை செய்வது சுகமா? சரணத்தில் தயிர், வெண்ணெய், பால் ருசியா, தசரதன் மகனைத் தியானித்துப் பாடுகிற அமுதம் ருசியா என்று போகிறது. 'சால' என்னவோ எங்கள் தமிழய்யாவின் சாலதான், மற்றதெல்லாம் போச்சு. அதற்குப் பிறகு அந்தப் பாட்டை நான் வேறு மாதிரிக் கேட்கிறேன். தயிரும் வெண்ணெயும் வரும் இடத்தில், காவிரிக்கரையில் நன்றாகச் சாப்பிடத் தெரிந்த ஒரு மனிதர் யோசித்துக் கேட்கிற கேள்வியாகவே அது விழுகிறது. ஆனால் ஒன்று. அது ஒரு கேள்வி, விட்டுவிட முடியாத கேள்வி என்பது பத்து வயதிலேயே என் காதுக்குத் தெரிந்திருந்தது. யாரிடம், எதைப் பற்றி என்பதில்தான் கோட்டை விட்டேன். அந்த வயதில் கேட்டது பொய்ச் சுகம் என்று நீங்கள் சொன்னால் சண்டைக்கு வருவேன்.

உங்கள் மகள் பக்கமும் எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மியூசிக்குக்கு லாங்வேஜ் கிடையாது என்பது சோம்பேறிகளின் வசனம். பாட்டில் மொழி இருக்கிறது, அர்த்தமாக மட்டும் இல்லை, அவ்வளவுதான். எந்த மெய்யெழுத்து எங்கே முட்டுகிறது, எந்த நெடில் எவ்வளவு நேரம் வாய் திறந்து நிற்கிறது என்பதெல்லாம் மொழிதான். 1972இல் இத்தாலியில் அட்ரியானோ செலன்டானோ என்ற பாடகர் அமெரிக்க இங்கிலீஷ் மாதிரியே ஒலிக்கிற ஒரு பாட்டைப் போட்டார், உட்கார்ந்து கேட்டால் அர்த்தமுள்ள வார்த்தை தேறுவதே கஷ்டம், எல்லாம் உளறல். பெரும்பாலும் அர்த்தமில்லாத ஜதி ஒலிகளாகவே ஓடுகிற நம் தில்லானாவை மட்டும் அகராதி வைத்துக்கொண்டா கேட்கிறோம்?

ஜப்பானில் 1961இல் க்யூ சகமோட்டோ பாடிய ஒரு பாட்டு. கண்ணீர் கீழே விழுந்துவிடாமல் இருக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்போம் என்று ஆரம்பிக்கும். 1963 ஜூனில் அது ஜப்பானிய மொழியிலேயே அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. அசல் தலைப்பு வாயில் நுழையவில்லை என்று கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் 'சுகியாகி'. அது ஒரு மாட்டிறைச்சிச் சமையல். நம் ஊர் ஒப்பாரி ஒன்றை 'இடியாப்பம்' என்று லேபிள் ஒட்டி விற்ற மாதிரி. இதில் வேடிக்கை என்னவென்றால், 1960இல் அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து நடந்த போராட்டத்தில் கலந்துகொண்டு வீடு திரும்பிய மனச்சோர்வில்தான் ரொகுசுகே எய் அந்த வரிகளை எழுதினார். யார் மேல் வருத்தமோ அவர்களே காசு கொடுத்து வாங்கி முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார்கள். அவர்கள் ரசித்தது நிஜம், எதை ரசிக்கிறோம் என்று தெரியாமல் போனதும் நிஜம். இரண்டும் ஒரே ஆளுக்குள் சண்டை போடாமல் இருக்கும் சார்.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்களேன். 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தமிழ்நாடே கொதித்தது. 1969இல் 'ஆராதனா' என்ற இந்திப் படம் வந்தது, கிஷோர் குமார் பாட்டைச் சைக்கிளில் போகிறவன் எல்லாம் பாடினான், பாதி வரிக்கு மேல் லாலலாதான். இது முரண்பாடு என்று இன்னமும் சிலர் கேலி செய்கிறார்கள். என்ன முரண்பாடு? திணித்தால் துப்புவோம், பாடினால் கேட்போம்.

இங்கேதான் பாரதியைத் துணைக்கு இழுப்பார்கள் சிலர். வருடக்கணக்காக அதே ஏழெட்டுப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிற தமிழர்களுக்கு இரும்புக் காது என்று அவர் திட்டியது உண்மை. ஆனால் அவர் குச்சியை ஓங்கியது முக்கியமாக மேடையில் இருந்தவர்களைப் பார்த்து. பெரியவர்களின் கீர்த்தனைகளைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, அர்த்தம் தெரிந்து பாடு என்றார். நான் நிற்பதும் அந்தப் பக்கம்தான். அர்த்தம் தெரிந்திருக்க வேண்டிய கடன் பாடுகிறவருக்கு, கேட்கிறவருக்கு அது கிடைத்தால் லாபம். தாளத்துக்காகச் சொல்லை நடுவில் ஒடித்து, இந்தப் பாதியை அந்தச் சொல்லோடு ஒட்டிவிட்டு, தெலுங்கு தெரிந்தவர் காதைப் பொத்திக்கொள்வதைப் பாராட்டு என்று நினைத்துப் பாடுகிற வித்வான்கள் இன்றும் உண்டு. சினிமாவில் நாமே அனுபவிக்கிறோமே, 'ழ'வைக் கண்டால் ஒளிந்துகொள்கிற குரல்களை. பி. சுசீலாவும் எஸ். ஜானகியும் எஸ்.பி.பி.யும் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்தான், யாராவது சொன்னால்தான் நமக்கே ஞாபகம் வரும்.

தமிழிசை இயக்கத்தையும் இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். 1941 அண்ணாமலைப் பல்கலைக்கழக மாநாடும், 1943இல் சென்னையில் தொடங்கிய தமிழ் இசைச் சங்கமும் யாரும் தெலுங்கை ரசிக்கக் கூடாது என்று சொல்ல வந்தவை அல்ல. தமிழ்ப் பாட்டைக் கச்சேரியின் கடைசியில், பாதிப் பேர் கேன்டீனுக்கு எழுந்து போன பிறகு, துக்கடாவாகப் பாடுகிற வழக்கத்தைத்தான் கேள்வி கேட்டார்கள். மேடையில் தன் மொழிக்கு இடம் கேட்பது வேறு, பக்கத்து வீட்டுப் பாட்டுக்குக் காலாட்டுவது வேறு.

மகளைப் பற்றி ஒரு சந்தேகம். ஒரு வார்த்தைகூடத் தெரியாது என்று உங்களுக்கு யார் சொன்னது? எனக்குத் தெரிந்த கொரியப் பாட்டுப் பிள்ளைகள் சப்டைட்டில் வைத்து வரி வரியாகப் பார்க்கிறார்கள், நோட்டுக்குக் கடைசிப் பக்கத்தில் கொரிய எழுத்தை எழுதிப் பழகுகிறார்கள். 30 வருடத்தில் நீங்களும் நானும் தெலுங்கு எழுத்து எத்தனை கற்றோம் என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் நம் மானம் போய்விடும். இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அவளிடம் ஒரு இயர்போனை வாங்கி உங்கள் காதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவைக் கொரிய மொழியில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்றும் கேளுங்கள். 'அப்பா' என்றுதான் சொல்வாள். உடனே கொரியாவே தமிழன் கட்டியதுதான் என்று வாட்ஸப்பில் கிளம்பிவிடாதீர்கள், பாட்டு முடியட்டும்.